கசக்காத சந்தனம்

தமயந்தியின் உடம்பை முதன்முதலில் எடை போட்டது நூல் நிறுக்கும் தராசு. அவள் அப்பா சிங்காரம் திருத்தணி மலையடிவாரத்தில் தறி நெய்துகொண்டிருந்த காலம். நெசவாளர் சங்கத்துக்கு நூல் வாங்கப் போனபோது ஒருநாள் மகளும் கூடப் போனாள். சங்கத்தில் இருந்தவர்கள் விளையாட்டாக அவளைத் தராசுத் தட்டில் ஏறி உட்காரச் சொன்னார்கள். நிறுப்பவர் பஞ்சாட்சரம் எடைக்கல்லை வைத்து எடுத்து, எடுத்து வைத்து, கடைசியில் ஏலம் கூறுவது போல அறிவித்தார்.

“நாப்பத்தஞ்சி கிலோ! இன்னா சிங்காரம், வூட்ல காச்சுற கஞ்சிய பொண்ணுக்கு ஊத்துறியா, இல்ல எல்லாத்தயும் பாவுக்கே போட்டுட்றியா?”

தறியில் ஏற்றுமுன் பாவு நூலுக்கு விறைப்பாகக் கஞ்சி போடுவது நெசவுக்காரர் வழக்கம். அதனால் எல்லோரும் சிரித்தார்கள். தட்டில் உட்கார்ந்தபடியே தமயந்தியும் சிரித்தாள். பதினெட்டு வயது. எடை எவ்வளவு என்று பார்த்தவர்கள், இந்தப் பெண் எவ்வளவு உயரம் என்று ஏன் ஒருவர்கூடக் கேட்கவில்லை? அக்காவின் தோளுக்கு வருவாள், அவ்வளவுதான் உயரம். ஆனால் கேட்கத் தோன்றாத கேள்வியைப் பற்றி அன்று யாருக்கும் கவலை இல்லை. நாற்பத்தைந்து என்ற எண் மட்டும் அவளோடு வீட்டுக்கு வந்தது.

அம்மா போனபோது தமயந்தி கைக்குழந்தை. வள்ளிநாயகி அக்காதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். கேழ்வரகுக் கூழை விரலால் தொட்டு நாக்கில் வைத்ததும் அவள்தான், தலைக்குப் பேன் பார்த்ததும் அவள்தான். தமயந்திக்கு ஒரு பழக்கம் உண்டு. தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே சாப்பிடுவாள். அக்கா வைத்தது என்றால் போதும், கை தானாக வாய்க்குப் போகும். கல்யாணமான பிறகும் அக்கா அந்த வீட்டைவிட்டுப் போகவில்லை. அவள் கணவர் ஆறுமுகம் ஊரில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர். வீட்டோடு இருந்த மாப்பிள்ளை. தமயந்திக்கு அவர் பாவா.

பொதட்டூர்பேட்டையிலிருந்து வள்ளியம்மாள் பெண் பார்க்க வந்தது அந்த வருஷம்தான், அறுபத்தெட்டில். வீட்டில் நான்கு தறி. ஒரே மகன் சாமிநாதன். வந்த அம்மாள் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பிடித்தாள். தன் பருத்த கையிலிருந்து கண்ணாடி வளையல் ஒன்றைக் கழற்றிப் பெண்ணின் கையில் போட்டாள். வளையல் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கையைத் தாண்டி மேலே ஏறியது.

“பாரும்மா, அக்குளு வரைக்கும் போவுது. எங்க வூட்ல நாலு தறி ஓடுது. ராட்டைல குந்தி நாள் பூரா தார்க்குச்சில நூல் சுத்தணும். இந்த ஒடம்பு தாங்குமா?”

“தாங்கும்ங்க. பாக்கத்தான் இப்பிடி. வேல செய்ய ஒக்காந்தா எழுந்திருக்க மாட்டா” என்றாள் வள்ளிநாயகி.

“ஆங், பொண்ணு பெத்தவங்க எல்லாம் சொல்றதுதான் அது. மூத்த மருமவ இப்பிடி இருந்துதான்மா, எங்க ஓரகத்தி வூட்ல, ரெண்டாம் பிரசவத்துல போயிட்டா. கொஞ்சம் ஒடம்பு வரட்டும். ஆடி போவட்டும், அப்றம் பாக்கலாம்.”

அவர்கள் போனதும் வள்ளிநாயகி அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதாள். இது மூன்றாவது இடம். ஒவ்வொருவரும் ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

“நார் மாதிரி கீறா, நார் மாதிரி கீறான்னே எத்தினி பேருதான் எழுந்து போவாங்க? நான் துன்னாம உனக்குப் போட்டு வளத்தேனே. என்னத்தான கேக்குறாங்க, சோறு போடலியான்னு!”

“நான் இன்னாக்கா பண்ணட்டும்? துன்னுறது ஒட்ட மாட்டேங்குது.”

தன் உடம்பு அக்காவுக்குச் செய்யும் துரோகம் என்று அன்று தமயந்தி நினைத்தாள். அந்த நினைப்புத்தான் பிறகு எல்லாவற்றுக்கும் கதவைத் திறந்துவிட்டது.

ஆடிக் கிருத்திகை அன்று அக்கா மலையேறிப் போய்ச் சந்தனம் வாங்கிவந்தாள். சுவாமிக்குச் சாத்திய அந்தச் சந்தனத்தை இந்தப் பக்கத்தார் நெற்றியில் இட்டுக்கொள்வதோடு விடுவதில்லை. தீராத நோய் என்றால் தண்ணீரில் கரைத்துக் குடிப்பார்கள். வயிற்றுவலிக்கும் அதுதான், பயந்த குழந்தைக்கும் அதுதான். அக்கா அதைச் சிறு சிறு உருண்டைகளாக உருட்டி நிழலில் உலர்த்தி வைத்தாள். விடிந்ததும் குளித்துவிட்டு வரச் சொல்லி, ஒரு உருண்டையைத் தம்ளரில் கரைத்துக் கையில் கொடுத்தாள்.

முதல் வாயிலேயே தமயந்தியின் முகம் கோணியது.

“இன்னாக்கா, இவ்ளோ கசக்குது?”

“சாமி மருந்துடி. கசக்காம சக்கரையாவா இருக்கும்? மூச்சப் புடிச்சிகினு குடி. மலை பக்கம் திரும்பிக் குடி.”

மலைப் பக்கம் திரும்பி நின்று குடித்தாள். நாக்கின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும் கசப்பு. வேம்பு மாதிரி இல்லை, பாகல் மாதிரி இல்லை. சந்தனத்தின் மணம் மூக்கிலும் அந்தக் கசப்பு நாக்கிலுமாகக் காலை தொடங்கும். அவள் அதற்கு முன் சந்தனத்தைக் குடித்ததில்லை. இதுதான் அதன் ருசி என்று எடுத்துக்கொண்டாள்.

பசி வந்தது. அதுவரை அவள் அறியாத பசி. பாவா தட்டில் கை வைக்குமுன் அவள் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டிருப்பாள். கன்னம் உப்பியது. முகம் வட்டமாகி, தெருப் பெண்கள் தாடையைப் பிடித்துத் திருஷ்டி கழித்தார்கள். “அம்மன் மொகம் வந்துடுச்சிம்மா உன் தங்கச்சிக்கு. இன்னா குடுக்குற?” என்று கேட்டவர்களிடம் வள்ளிநாயகி மலையைக் காட்டினாள். தமயந்தியும் மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். தனக்காக ஒரு சாமி இவ்வளவு மெனக்கெடுகிறதே என்று உள்ளுக்குள் கூச்சமாகக்கூட இருந்தது.

வள்ளியம்மாள் மறுபடி வந்தாள். இந்த முறை வளையலைக் கழற்றவே இல்லை.

தை மாதம் கல்யாணம். பங்குனியில் துலாபாரம். தங்கைக்கு உடம்பு தேறி நல்ல இடத்தில் கல்யாணம் ஆனால் அவள் எடைக்கு எடை வெல்லம் தருவதாக அக்கா வேண்டிக்கொண்டிருந்தாள். கோயில் தராசின் ஒரு தட்டில் புதுப்பெண் மஞ்சள் புடவையோடு உட்கார்ந்தாள். மறு தட்டில் வெல்லத்தை அடுக்கினார்கள். அடுக்க அடுக்கத் தட்டு இறங்க மறுத்தது. சாமிநாதன் ஓடிப் போய்க் கடையிலிருந்து இன்னும் வாங்கிவந்தான். அறுபது கிலோவில் தட்டுகள் சமமாகி ஆடி நின்றபோது கூட்டம் அரோகரா போட்டது. வள்ளியம்மாளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அக்கா மட்டும் தட்டைப் பார்க்காமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று தமயந்தி நினைத்தாள். பின்னால் எத்தனையோ வருஷம் அந்த அழுகையை அவள் திருப்பித் திருப்பி எடுத்துப் பார்த்திருக்கிறாள். அது சந்தோஷமா, பயமா? இரண்டும் ஒரே கண்ணில் வருமா?

பொதட்டூர்பேட்டைக்கு வந்த பிறகும் சந்தனம் நிற்கவில்லை. கிருத்திகைக்குக் கிருத்திகை அக்கா வாழையிலையில் பொதிந்து உருண்டைகளைக் கொடுத்தனுப்பினாள். “விட்றாத, விட்டா சாமி கோச்சிக்கும்” என்பாள். தமயந்தி விடவில்லை. மாமியார் அவளைத் தெருவில் நான்கு பேர் முன்னால் நிறுத்திக் காட்டுவாள். “எங்கூட்டு மருமவளப் பாருங்க” என்பாள்.

ஆனால் உடம்பு வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. சதையெல்லாம் முகத்திலும் வயிற்றிலும் பிடரியிலும் போய்ச் சேர்ந்தது. கையும் காலும் பழைய குச்சிதான். ராட்டையின் கைப்பிடி லேசாக இடித்தால் போதும், முழங்கையில் கருநீலமாகக் கன்றிவிடும். வயிற்றில் ஊதா நிறத்தில் கோடுகள் ஓடின. மாதவிலக்கு தாறுமாறானது. கல்யாணத்துக்கு முன் ஒரே மூச்சில் மலைப்படி ஏறியவள், இப்போது பாதியில் உட்கார்ந்து தொடையைப் பிடித்துக்கொண்டாள்.

“சாமி குடுத்த ஒடம்புன்றாங்க, சாமிகிட்டப் போவ முடியல பாரு” என்று சாமிநாதன் சிரித்தான். அவனோடு அவளும் சிரித்தாள்.

இரண்டாம் வருஷம் ஆவணியில் ஒருநாள் காலை, வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தவளுக்குக் கண் திறந்துவிட்டது. கசக்கவில்லை. வெறும் சந்தனத் தண்ணீர். நாக்கில் மாவு போல ஒட்டி, மணத்தோடு இறங்கிப் போனது. மறுநாளும் கசக்கவில்லை. அவளுக்குப் பயம் வந்துவிட்டது. ஏதோ தீட்டு பட்டுவிட்டது, சாமி மருந்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது என்று நினைத்தாள். அக்கா துணி எடுக்க வந்தபோது தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

“அக்கா, இந்தவாட்டி குடுத்தது கசக்கவே இல்லியே. ஏன்?”

வள்ளிநாயகி தறியில் கிடந்த துணியைத் தடவிக்கொண்டே இருந்தாள். “உனக்கு நாக்கு பழகிடுச்சிடி. ரெண்டு வருசமாக் குடிக்கிறல்ல.”

அது நம்பக்கூடியதாகத்தான் இருந்தது. அக்கா சொன்னால் எதுதான் நம்பக்கூடியதாக இருக்காது?

கொஞ்ச நாளிலேயே உடம்பு விழத் தொடங்கியது. சோற்றைக் கண்டால் குமட்டல். நின்றால் தலை சுற்றும். எலும்புக்குள் ஆள் இறங்கி முறுக்குவது போல வலி. ஒருநாள் முற்பகலில் தார் சுற்றிக்கொண்டிருந்தவள் ராட்டையின் மேலேயே சாய்ந்துவிட்டாள். வாந்தி நிற்கவில்லை. திருத்தணிக்குப் புதிதாக ஒரு லேடி டாக்டர் வந்திருப்பதாகச் சொன்னார்கள். சாமிநாதனும் வள்ளியம்மாளும் அவளை பஸ்ஸில் கிடத்திக் கொண்டுபோனார்கள். ஊர் திருத்தணி என்பதால் அக்காவும் செய்தி கேட்டு ஓடிவந்தாள்.

டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்த்தாள். குறைவு. முகத்தைப் பார்த்தாள், கையைத் தூக்கிப் பார்த்தாள், புடவையை விலக்கி வயிற்றுக் கோடுகளைப் பார்த்தாள். பிறகு எல்லோரையும் நிமிர்ந்து பார்த்தாள்.

“இந்தப் பொண்ணு என்ன மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருந்தது?”

“மாத்திரையா? எங்கூட்ல தலவலிக்குக்கூட மாத்திரை வாங்குறதில்லம்மா” என்றாள் வள்ளியம்மாள்.

“ஏதாவது குடுத்திருக்கணும். ரொம்ப நாளாக் குடுத்து, இப்ப திடீர்னு நிறுத்தியிருக்கணும். என்னன்னு தெரிஞ்சா எனக்கு மருந்து குடுக்க சுலபம். இது உயிர் விஷயம். யாருக்காவது தெரியுமா?”

வள்ளியம்மாள் வள்ளிநாயகியைப் பார்த்தாள். கட்டிலில் கிடந்த தமயந்தியும் அக்காவைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை. அக்கா ஏதாவது சொல்லித் தன்னைக் காப்பாற்றுவாள் என்ற எதிர்பார்ப்புத்தான் இருந்தது.

“மலைச் சந்தனத்தத் தவுர ஒரு பொருள் குடுத்ததில்லம்மா” என்றாள் அக்கா. டாக்டரம்மாவின் முகத்தில் நம்பிக்கை வராததைக் கண்டு, ஜன்னல் வழியே தெரிந்த மலைப் பக்கம் கை நீட்டினாள். “முருகன் மேல சத்தியமா சொல்றேன்.”

டாக்டரம்மா மேலே கேட்கவில்லை. தன் சந்தேகத்தை நம்பி ஊசி போட்டாள், குளுக்கோஸ் ஏற்றினாள். மறுநாள் மதியத்துக்குள் தமயந்தியால் எழுந்து உட்கார முடிந்தது. கஞ்சி உள்ளே தங்கியது. நர்ஸ் ஒரு சிறிய வெள்ளை மாத்திரையைக் கொண்டுவந்து நாக்கில் வைத்தாள். தண்ணீர்த் தம்ளரை எட்டி எடுப்பதற்குள் மாத்திரை கரையத் தொடங்கிவிட்டது.

நாக்கின் அடியில் போய் ஒட்டியது கசப்பு. வேம்பு மாதிரி இல்லை, பாகல் மாதிரி இல்லை.

தமயந்தி தண்ணீரைக் குடிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு அந்தக் கசப்பை முழுதாக உணர்ந்தாள். இரண்டு வருஷக் காலைகள் ஒவ்வொன்றாக அவள் நாக்கில் வந்து உட்கார்ந்தன. மலைப் பக்கம் திரும்பி நின்ற காலைகள். சந்தன மணம் மட்டும்தான் இல்லை. கால்மாட்டில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். அக்காவும் பார்த்தாள். அவள் கையிலிருந்த ஆரஞ்சுச் சுளை கீழே விழுந்தது. ஒருவருக்கொருவர் சொல்லவேண்டியது எதுவும் பாக்கி இல்லாமல் போயிற்று.

நர்ஸ் வெளியே போகும்வரை தமயந்தி காத்திருந்தாள்.

“பாவா கொண்டாந்ததா?”

அக்கா ஆமென்று தலையை ஆட்டிவிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். பாவா வேலை செய்த டாக்டர் மருந்து குறைவதைக் கண்டுபிடித்து அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். அதனால்தான் ஆவணியில் கசப்பு நின்றது. மாத்திரையைப் பொடித்து ஈரச் சந்தனத்தில் பிசைந்து உருட்டியது அவளுடைய கைதான்.

“மாத்திரன்னு சொன்னா நீ பயப்படுவ. சந்தனம்னா ஒரு கேள்வி கேக்காமக் குடிப்ப. எல்லாரும் நார் நார்னு சொல்லிகினே இருந்தாங்களேடி. உனக்கு ஒரு வாழ்க்க அமையட்டும்னுதான...”

“அது போவட்டும்க்கா. நேத்து டாக்டரம்மா உயிர் விஷயம்னாங்களே. அப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல?”

“உங்க மாமியா நின்னுகினு இருந்தாங்க. நான் இன்னா பண்ணுவேன்?”

“சாமி மேல சத்தியம் பண்ணினியே.”

“பண்ணாம? சொல்லியிருந்தா உன்ன அங்கயே வுட்டுட்டுப் போயிருப்பாங்கடி!”

தமயந்தி அக்காவின் கையைப் பார்த்தாள். கூழை விரலால் தொட்டு வைத்த கை, சந்தனத்தை உருட்டிய கை, மலையைக் காட்டிச் சத்தியம் செய்த கை எல்லாம் ஒரே கை. அதை இரண்டாகப் பிரித்துவிட முடிந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வெறுத்துவிடலாம். முடியவில்லை.

“ஒரு நாளாவது நீ அத வாய்ல வெச்சிப் பாத்தியாக்கா, எனக்குக் குடுக்குறதுக்கு முந்தி?”

வள்ளிநாயகி குனிந்து சுளையைப் பொறுக்கினாள்.

வீட்டுக்கு அனுப்புமுன் டாக்டரம்மா அவளைச் சுவரோரம் நிற்கவைத்து உயரம் அளந்தாள். மிகச் சரியாக ஒன்றரை மீட்டர்.

“இதெல்லாம் சாப்பிடறதுக்கு முன்னால உன் எடை என்ன, தெரியுமா?”

“நாப்பத்தஞ்சிங்க. நூல் தராசுல போட்டாங்க.”

டாக்டரம்மா கையிலிருந்த சீட்டின் பின்புறம் எழுதிக் காட்டினாள். “நான் படிச்சப்ப ஒரு கணக்கு சொல்லிக் குடுத்தாங்க. எடையை மட்டும் பார்த்து ஒல்லி, குண்டுன்னு சொல்லக் கூடாது. எடையை உயரத்தால வகுக்கணும். வர்றதை மறுபடியும் உயரத்தால வகுக்கணும். நாப்பத்தஞ்சை ஒன்றரையால வகுத்தா முப்பது. முப்பதை ஒன்றரையால வகுத்தா இருபது. இருபதுல இருந்து இருபத்தஞ்சுக்குள்ள இருந்தா நல்ல உடம்பு. அதுக்கு ரொம்பக் கீழே போனாலும் கஷ்டம், மேலே போனாலும் கஷ்டம்.”

தமயந்தி எட்டாவது வரை படித்தவள். கணக்கை மனசுக்குள் ஒருமுறை போட்டுப் பார்த்தாள்.

“அப்ப... எனக்கு முன்ன ஒண்ணுமே இல்லீங்களா?”

“ஒண்ணுமே இல்லை. நீ சின்ன உருவம், அவ்வளவுதான். உன் உயரத்துக்கு அது சரியான எடை. அறுபது கிலோவுல இருக்கும்போதுதான் கணக்கு இருபத்தேழுக்குப் பக்கத்துல போயிடுச்சு. அதுவும் நல்ல சதை இல்லை. கை கால்ல இருக்கிற சதையைக் கரைச்சு, வயித்துலயும் முகத்துலயும் கொழுப்பும் நீருமா ஏத்தியிருக்கு. கணக்கு ஒரு பக்கம், அது எங்கே ஏறியிருக்குன்னும் பார்க்கணும்.”

அதுவரை அக்கா செய்ததற்கு ஒரு காரணமாவது இருந்தது. குறையைத் தீர்க்கப் பொய் சொன்னாள் என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது குறையே இல்லை என்றாகிவிட்டது. பஞ்சாட்சரத்தின் கேலி, வளையல், நார் என்று சொல்லி எழுந்துபோனவர்கள் எல்லாம் இருபது என்ற ஒரு எண்ணின் முன்னால் ஒன்றுமில்லாமல் போனார்கள். அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது.

அது ஸ்டீராய்டு மாத்திரை, உடனே விட முடியாது என்றாள் டாக்டரம்மா. சட்டென்று நிறுத்தியதால்தான் உயிருக்கே ஆபத்து வந்தது. முழுசாக, பிறகு முக்கால், பிறகு பாதி என்று மாதக்கணக்கில் குறைத்துக்கொண்டே வர வேண்டும். ஆக, அதே கசப்பைத் தெரிந்தே தின்றுதான் அதிலிருந்து வெளியே வரவேண்டியிருந்தது. இம்முறை அவள் மலைப் பக்கம் திரும்பவில்லை.

விஷயம் மாமியாருக்குத் தெரியாமல் இருக்குமா? மாத்திரை குறையக் குறைய முகம் வற்றியது, வயிறு இறங்கியது, உடம்பு மெல்ல மெல்லத் தன் பழைய இடத்துக்குத் திரும்பியது. வள்ளியம்மாள் தெருவில் நின்று கேட்கும்படியாகவே சொன்னாள்.

“ஒரு பொண்ணக் காட்டி இன்னொரு பொண்ணக் கட்டி வெச்சிட்டாங்கம்மா! எடைக்கு எடை வெல்லம் வேற. சாமியவே ஏமாத்தினவங்க நம்மள வுடுவாங்களா?”

அதில் பொய் இல்லை என்பதுதான் தமயந்தியைச் சுட்டது. ஏமாந்தவர்களின் வரிசையில் மாமியாரும் நின்றிருந்தாள். ஆனால் அந்த வரிசையில் தமயந்திக்கு ஒரு இடம் தர அவள் தயாராக இல்லை.

சாமிநாதன் கத்தவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

“நெசமா உனக்குத் தெரியாதா?”

“தெரியாதுங்க.”

“ஆங்” என்றான். அவ்வளவுதான். அடுத்த வாய்ச் சோற்றை எடுத்துக்கொண்டான். நல்லவன். பிறகும் நன்றாகத்தான் வைத்திருந்தான். ஒரு மகன், ஒரு மகள் பிறந்தார்கள். தறி இரண்டு விசைத்தறி ஆயிற்று. ஆனால் அந்த ‘ஆங்’ நம்பியதால் சொன்னதா, போதும் விடு என்று சொன்னதா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. ஒரு தம்ளர் தண்ணீர் இத்தனை பேர் நடுவில் ஓடியிருந்தது.

நார் என்று அவளை மறுபடி சொல்ல ஆரம்பித்தார்கள். அவள் கதவு நிலையில் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் அளவு நாடாவை ஆணியில் மாட்டினாள். பெண் பார்க்க வருகிறார்கள் என்று யாராவது மகளைப் பட்டினி போட்டாலோ, தின்னச் சொல்லி அடித்தாலோ, அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு நிலையில் சாய்த்து நிறுத்துவாள். சங்கத்துத் தராசில் ஏற்றுவாள். இரண்டு தடவை வகுத்துச் சொல்வாள். முப்பதைத் தொடும் பெண்களிடம் எண்ணெயையும் இனிப்பையும் குறைத்து நடக்கச் சொல்வாள். பதினாறு, பதினேழில் நின்றால் கேழ்வரகும் பயறும் கடலையும் முட்டையும் சொல்லி, டாக்டரிடம் அனுப்புவாள். தெருவில் இதற்கு ‘தமயந்தி கணக்கு’ என்று பெயர். கேலியாக வைத்த பெயர்தான்.

அக்காவோடு பேச்சை நிறுத்தவில்லை. நல்லது கெட்டதுக்குப் போனாள், வந்தாள். அப்பா சிங்காரம் காலமானபோது இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஆனால் அக்கா வீட்டில் அவள் சாப்பிடுவது மாறிவிட்டது. எல்லோருக்கும் பொதுவாக வைத்த பாத்திரத்திலிருந்து தானே எடுத்துப் போட்டுக்கொள்வாள். அக்கா கையில் ஏந்திவரும் காப்பியை “இப்பத்தான் குடிச்சேன்க்கா” என்பாள். வள்ளிநாயகி புரிந்துகொண்டாள். புரியாதது போல ஒவ்வொரு முறையும் காப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள். இரண்டு பேருமே விடவில்லை.

எண்பத்தாறில் அக்காவின் மகள் சந்திராவைப் பெண் பார்க்க அரக்கோணத்திலிருந்து வருவதாக இருந்தது. தமயந்தி முதல் நாளே திருத்தணிக்கு வந்துவிட்டாள். சந்திரா ப்ளஸ் டூ முடித்தவள். சித்தியைப் போலவே சின்ன உருவம்.

“சித்தி, எனக்கு உங்க கணக்கு போடுங்க. அம்மா நான் எலும்பா கீறேன்னு சொல்லிகினே கீது” என்று அவளே நிலையில் சாய்ந்து நின்றாள்.

தமயந்தி அளந்தாள், சங்கத்துக்குக் கூட்டிப்போய்த் தராசில் ஏற்றினாள், வகுத்தாள். இருபதரை.

“இதுல ஒரு குறையும் இல்லடி. வர்றவங்க வளையல் போட்டுப் பாத்தா, கழட்டி அவுங்க கைலயே குடு.”

சந்திரா சிரித்தாள். மறுநாள் காலை அவள் குளித்துவிட்டு ஈரத் தலையோடு கூடத்துக்கு வந்தபோது, வள்ளிநாயகி அடுப்பங்கரையிலிருந்து ஒரு தம்ளரை ஏந்திக்கொண்டு வந்தாள். சந்தன மணம் அவளுக்கு முன்னால் வந்தது.

“மலைமேல வாங்கினது. நல்ல காரியத்துக்கு ஒரு வாய் குடிச்சிட்டுப் போம்மா” என்றாள் மகளிடம்.

சந்திரா கையை நீட்டினாள். அதற்குள் நடுவில் வேறொரு கை வந்து தம்ளரை வாங்கிக்கொண்டது. பதினாறு வருஷமாக அக்கா கையிலிருந்து எதையும் வாங்காத கை.

தமயந்தி தம்ளரை உதட்டில் வைத்து ஒரு வாய் குடித்தாள். விழுங்கவில்லை. நாக்கின் அடிவரைக்கும் கொண்டுபோய் நிறுத்தி வைத்துக்கொண்டு நின்றாள். மாவு போல ஒட்டியது. மணத்தது. கசக்கவில்லை. பிறகு விழுங்கினாள்.

வள்ளிநாயகியின் முகம் சுருங்கிப்போயிருந்தது. தலை பாதி நரைத்துவிட்டது அவளுக்கு.

“நான் பெத்த பொண்ணுடி அது” என்றாள் மெல்ல. “என்ன இன்னுமா நீ நம்பல?”

“நம்பலக்கா” என்றாள் தமயந்தி. குரலில் கோபம் இல்லை. “என்னயும் நீதான வளத்த.”

தம்ளரைச் சந்திராவின் கையில் கொடுத்தாள்.

“குடிம்மா. வெறும் சந்தனந்தான்.”